முத்துப்பேச்சி கடை நிறுத்தம்

என் பெண்டாட்டி முத்துப்பேச்சி பணியாரம் சுட்டு விற்ற இடத்தில்தான் எம்.எல்.ஏ. குணராசன் பயணிகள் நிழற்குடை கட்டினான். பணம் சர்க்காருடையது, பேரும் படமும் அவனுடையது. கூரை ஒழுகும், பேருக்கு மட்டும் வருசா வருசம் பெயின்ட் அடிப்பார்கள். அதற்கு முன்னால் அந்த நிறுத்தத்துக்கு அவள் பேர்தான். நான் அவளை 'ஏட்டி' என்பேனே தவிர, பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பஸ்காரர்கள்தான் நாள் முழுக்கக் கத்துவார்கள். அவள் செத்த பிறகும், நிழற்குடை வரும்வரை கத்தினார்கள்.

நேற்று டவுன் பஸ்ஸில் ஏறி, "முத்துப்பேச்சி கடை ஒண்ணு" என்றேன்.

"அப்படி ஒரு ஸ்டாப்பே கெடையாது தாத்தா. குணராசன் நிழற்குடைன்னு கேளும்" என்றான் கண்டக்டர்.

"அவன் எந்தச் சட்டியில பணியாரம் சுட்டானாம்?"

பஸ்ஸே சிரித்தது. அவனும் சிரித்துக்கொண்டே டிக்கெட் கிழித்தான். சிரிக்கிறவனை நான் நம்புவதில்லை. இடம் வந்ததும் குணராசன் பேரைத்தான் கத்தினான். நான் அசையவில்லை.

"ஓய் பெரியவரே, எறங்கும்."

"நான் கேட்ட ஸ்டாப் வரலையே."

"நேரமாவுது, அந்தப் பேரைத்தான் சொல்லித் தொலையுமே அண்ணாச்சி!" என்று பின்னாலிருந்து ஒருத்தி சத்தம் போட்டாள்.

அவன் தலையில் அடித்துக்கொண்டு, பஸ் தகரத்தைத் தட்டித் தொண்டை கிழியக் கத்தினான்: "முத்துப்பேச்சி கடையெல்லாம் எறங்கு!"

எழுந்திருக்கத்தான் நினைத்தேன்.

"இன்னொரு தடவ சொல்லுப்பா" என்றேன்.

விசில் அவன் வாயில் இருந்தது. அவன் ஊதவில்லை.