பெரிய இடத்து உறவு

ஆராய்ச்சிப் படகிலிருந்து ஒரு குட்டி அம்பு பாய்ந்து, திமிங்கலத்தின் முதுகில் நகக்கண் அளவு தோலைக் கிள்ளிக்கொண்டு போனது. மரபணுவைப் பார்த்து அது எந்தக் கூட்டம் என்று தெரிந்துகொண்டால், அந்தக் கூட்டம் போகும் வழியில் கப்பல்களை விடமாட்டார்களாம்.

அருகில் நீந்திய திமிங்கலச் சுறாவுக்கு வயிறு எரிந்தது. கப்பலின் விசிறி கிழித்த தழும்பு அதன் முதுகிலும் இருந்தது.

"என் பெயரிலும் திமிங்கலம் இருக்கிறதே அண்ணே, எனக்கு மட்டும் ஏன் அம்பு இல்லை?"

"பெயரில் என்ன இருக்கிறது தம்பி? கடற்குதிரைகூடத்தான் குதிரை என்று சொல்லிக்கொண்டு திரிகிறது," என்றது திமிங்கலம்.

சுறா விடவில்லை. படகைச் சுற்றிச் சுற்றி வந்து முதுகைக் காட்டியது. கடைசியில் அதற்கும் ஓர் அம்பு கிடைத்தது.

அடுத்த முறை படகு வந்தபோது மேலே பேசியது இரண்டுக்கும் கேட்டது. இரண்டின் கூட்டத்துக்கும் கப்பல்கள் வழிவிடுமாம். மரபணுப்படி சுறாவுக்குத் திருக்கை உறவாம், திமிங்கலத்துக்கு நீர்யானை உறவாம்.

சுறாவின் முகம் சுருங்கியது. "எனக்குத் தட்டையாக ஒரு திருக்கை. உனக்கு மட்டும் யானையா? உறவிலும் உனக்குத்தான் பெரிய இடம்."

கடற்குதிரையைப் பற்றி அவ்வளவு பேசிய திமிங்கலம், இதை மட்டும் மறுக்கவில்லை.