மிச்ச மலை

மலை நின்ற இடத்தில் பெரிய பள்ளமும் பச்சைத் தண்ணீரும்தான் இருந்தன. குவாரியை மூட வந்த அதிகாரி, இருபது வருஷம் அங்கே ஜல்லி உடைத்த பூங்காவனத்தைச் சாட்சிக் கையெழுத்துப் போடக் கூப்பிட்டார். “என்னா சார் எழுதியிருக்கீங்க?” என்று கேட்டாள். “மலை முழுசா தீர்ந்துபோச்சுன்னு எழுதியிருக்கேம்மா.”

அவளுக்குச் சுருக்கென்றது. எழுதிவிட்டால் ஒரு மலை தீர்ந்துவிடுமா? பேனாவை வாங்காமல், பையிலிருந்த எக்ஸ்ரே படத்தை உருவி, மலை இருந்த வெற்று வானத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். இரண்டு நுரையீரலிலும் வெள்ளை வெள்ளையாகப் பொடி அப்பிக் கிடந்தது.

“என்னம்மா இது?”

“கல்லுத் தூசியாம். ஆஸ்பத்திரியில சொன்னாங்க. உள்ள போனது வெளிய வராதாம்.” இருமல் வந்து உடம்பையே உலுக்கியது. அப்போதும் அவள் படத்தை இறக்கவில்லை. இருமல் அடங்கியதும் அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“தீர்ந்துபோச்சுங்கறத அடிங்க சார். நாளைக்கு என்னைக் கொளுத்தினாலும் கல்லு வேவாது. மிச்சம் இருக்குன்னு எழுதுங்க, கையெழுத்துப் போடறேன்.”