தள்ளுவண்டியில் தூக்கம்

"தம்பி இன்னும் தூங்குறானாம்மா?"

"தூங்கட்டும்டி. இப்ப எழுந்தான்னா சூப்பு அடி பிடிக்கும், எனக்குப் பைத்தியம் பிடிக்கும்."

நான்கு வயது பிஹ்லா கெக்கலித்துச் சிரித்தாள். அவள் அம்மா ஹென்ரீக்கா, கணவன் கப்பல் வேலைக்குப் போன இந்த வாரம் முழுக்க, ஒற்றை ஆளாகத்தான் இரண்டு பிள்ளைகளையும் மேய்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பனிநாட்டு வழக்கப்படி, எல்லா வீட்டுக் குழந்தைகளையும் போல, கைக்குழந்தை ஒய்வாவும் பகல் தூக்கத்தை வெளியே பனிக்குளிரில், தள்ளுவண்டியில்தான் தூங்குவான். வண்டிக்குள் வைத்த ஒலிவாங்கி வழியே அவனுடைய மூச்சுச் சத்தம் சமையலறையில் இருந்த சின்னக் கருவியில் கேட்டுக்கொண்டே இருக்கும்.

காற்று வலுத்ததும் ஹென்ரீக்கா போய் அவனைப் போர்வையோடு தூக்கி வந்தாள். தோளில் அவனைச் சாய்த்துக்கொண்டு, வியாழக்கிழமைதோறும் வைக்கும் பட்டாணி சூப்பைக் கிளறினாள். அவன் அவள் கழுத்தோரம் கொட்டாவி விட்டான்.

கருவியில் மூச்சு இன்னும் சீராகக் கேட்டது.

கருவியை அணைக்கக் கை நீட்டினாள். அணைத்தால் அந்த மூச்சும் நின்றுவிடுமோ என்று தோன்ற, கையை இழுத்துக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே வண்டியின் கூரைமேல் பனி விழுந்துகொண்டிருந்தது.

கருவி மெல்ல இருமியது.

பிஹ்லா கரண்டியைக் கீழே வைத்தாள். "போர்வைய நீ எடுத்துட்டு வந்துட்டியேம்மா. அந்தப் பாப்பாவையும் உள்ள தூக்கிட்டு வாயேன்."