காவல் தாத்தா கேட்ட பேய்ப்படம்

சத்தியம், நூறு தடவை சத்தியம். இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தால், நாளைக் காலை என் வீட்டு மூங்கில் கூடையில் அவிக்கிற பசையரிசிச் சோறு வேகாமல் கல்லாகக் கிடக்கட்டும்.

நோங் சாங் கிராமத்தில், பச்சைப் பப்பாளியை மிளகாயோடு இடித்து விற்கிற கடையில் லம்யாய் புருஷனோடு உட்கார்ந்திருந்தாள். புருஷன் கம்பொன் ஐஸ் வண்டி ஓட்டுகிறவன். ஒரு வருஷமாக வண்டியை மறந்து, ஊர்க்காரர்களையே நடிக்கவைத்து, குடல் தின்னும் பேயைப் பற்றி ஒரு படம் எடுத்து முடித்திருந்தான்.

பேயாக நடித்தது லம்யாய்தான். பன்றிக்குடலை வாயில் தொங்கவிட்டுக்கொள்ள வேறு எந்தப் பெண்ணும் சம்மதிக்கவில்லை. படப்பிடிப்பு முடிந்ததும் அதே குடலைக் கழுவி, சூப் வைத்து எல்லோருக்கும் ஊற்றியதும் அவள்தான்.

பாங்காக்கின் பெரிய கம்பெனிக்காரர் பத்து நிமிஷம் பார்த்தாராம். பேய் நன்றாகச் சாப்பிட்ட பேயாக இருக்கிறதே என்று எழுந்து போய்விட்டாராம். டவுன் தியேட்டர்காரர் அந்தப் பத்து நிமிஷமும் பார்க்கவில்லை.

மிச்சமிருந்தது, ஊர் ஊராகத் திரை கட்டிப் படம் போடும் சவேங் மாமா. வேண்டுதல் பலித்தவர்கள், ஊரைக் காக்கும் ஆவியான காவல் தாத்தாவுக்கு அவரை வைத்துத்தான் நேர்த்திக்கடன் தீர்ப்பார்கள். மரத்தடிக் கோயிலுக்கு முன்னால் ஒரு காலி நாற்காலி, அதில் உறிஞ்சுகுழல் போட்ட சிவப்புச் சோடா. படம் தாத்தாவுக்கு. மனிதர்கள் பின்னால் பாய் விரித்துக்கொள்ளலாம்.

சவேங் மாமா சரி என்றுவிட்டார். ஆனால் கோயில் பூசாரி புன்தம் சம்மதிக்க வேண்டுமே? அவரும் அதே கடையில் எதிர்ப் பலகையில்தான் உட்கார்ந்திருந்தார்.

"பேய்க்கே பேய்ப்படமா? போலீஸ்காரன் வீட்டுக்குப் போயி திருடன் வேஷம் கட்டுவியாடா?"

"தாத்தாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க பெரியப்பா. அவரும் வேணாம்னுட்டா படப்பெட்டியைக் குளத்துல போட்டுட்டு, திங்கக்கிழமையே ஏஜென்டைப் பாத்துத் தைவான் ஃபேக்டரிக்குப் போயிடறேன்."

"போயேன். உன் படத்தைப் பாக்கறதைவிட உன்னைப் பாக்காம இருக்கறது ஊருக்கு நல்லது."

பப்பாளி இடிக்கிற உலக்கையைப் பிடுங்கி அந்தக் கிழவர் மண்டையில் ஒன்று வைக்கலாமா என்றிருந்தது லம்யாய்க்கு.

புதன்கிழமை காலை ஊர் கூடியது. தாத்தாவின் பதிலைச் சொல்லக் கோயிலுக்குள் ஒரு மூங்கில் குச்சி உண்டு. பூசாரி இரண்டு கையையும் விரித்து அதை அளப்பார். விரல்நுனி குச்சியைத் தாண்டினால் சரி; எட்டாவிட்டால் வேண்டாம். பெரும்பாலும் எட்டாது. தாத்தா கறாரானவர்.

புன்தம் கையை விரித்தார். விரல் தாண்டியது.

முகத்தைச் சுளித்துக்கொண்டு மறுபடி அளந்தார். தாண்டியது. மூன்றாம் தடவையும் அதே கதை.

"தாத்தாவுக்கு வயசாயிடுச்சு," என்றார் புன்தம். "ரசனை கெட்டுப்போச்சு. நான் என்ன பண்றது?"

படம் ஓடியது. முடியும்போது சோடா பாதி குறைந்திருந்தது. எறும்பா, நாயா என்று யாரும் விசாரிக்கவில்லை. அடுத்த வாரம் வேறொருவர் நேர்த்திக்கடன். இதே படம் போடலாமா என்று தாத்தாவைக் கேட்டார்கள். விரல் மறுபடியும் குச்சியைத் தாண்டியது. அதற்கடுத்த வாரமும்.

அது மட்டுமல்ல, அந்த வருஷம் தாத்தா எதற்குமே இல்லை என்று சொல்லவில்லை. கிணறு வெட்டவா, சரி. திருவிழாவுக்கு நாலு ஒலிபெருக்கியா, சரி. படம் பார்த்ததிலிருந்து தாத்தாவுக்கு மனசு குளிர்ந்துவிட்டது என்று ஊர் பேசிக்கொண்டது.

பேயே மூன்று தடவை கேட்ட பேய்ப்படம் என்ற பேச்சு பக்கத்து ஊர்களுக்குப் பரவியது. மகள் நர்ஸ் பரீட்சையில் தேறினால் கம்பொன் படம் போடுகிறேன், மாடு கிடைத்தால் கம்பொன் படம் போடுகிறேன் என்று வேண்டிக்கொள்ள ஆரம்பித்தார்கள். எண்ணி அறுபது கிராமம். கடைசியில் அந்தப் பாங்காக் கம்பெனிக்காரரே காரில் வந்து இறங்கினார்.

"படத்தை வெளியிட்டது யாரு?"

"தாத்தா," என்றான் கம்பொன்.

"எந்தக் கம்பெனி?"

"கம்பெனியெல்லாம் இல்லீங்க. ஒரு சிவப்புச் சோடா வைப்போம்."

படத்தை விற்காமலே அவரை அனுப்பிவைத்தான். தைவான் பேச்சு நின்றது. இரண்டாவது படத்துக்குக் குடல் வாங்க ஆரம்பித்தான். டிவிக்காரர்கள் கேட்டபோது, ஊர்ப் பூசாரி குறுக்கே நின்றார், தாத்தா கைகொடுத்தார் என்றான். ஊரே புன்தமைப் பார்த்துச் சிரித்தது. அவர் அசரவில்லை. குப்பைப் படம் குப்பைப் படம்தான் என்றார்.

புத்தாண்டுக்குக் கோயிலைக் கழுவ லம்யாய் போனாள். மூலையில் கிழவரின் வெற்றிலைத் தகரடப்பா. நகர்த்தும்போது மூடி கழன்றது.

உள்ளே இரண்டு விரல்கடை நீளத்தில் ஒரு மூங்கில் துண்டு.

எடுத்துக் குச்சியின் முனையில் வைத்துப் பார்த்தாள். கச்சிதமாகப் பொருந்தியது. அறுத்த இடம் புதிதாகத் தெரியாமலிருக்கக் கரி தேய்த்திருந்தது. துண்டுக்கு அடியில் ஒரு போட்டோ: ஃபேக்டரி உடுப்பில் புன்தமின் ஒரே மகன். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அதே ஏஜென்டைப் பார்க்கப் போனவன். தைவானிலிருந்து திரும்பி வந்தது ஒரு சாம்பல் பெட்டி.

"அங்க என்னடி தேடறே?" வெளியே சருகு கூட்டிக்கொண்டே கேட்டார் கிழவர்.

"ஒண்ணுமில்ல பெரியப்பா." மூடியை அழுத்தி மூடினாள். "படம் நெசமாவே குப்பைதானா?"

கிழவர் சருகை ஓரமாகத் தள்ளினார்.

"பேய் மட்டும் சுமாரா இருந்துச்சு."

இதை நான் சொன்னதாக யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். கம்பொன் காதுக்குப் போனால்கூடச் சமாளித்துக்கொள்வேன். ஆனால் காவல் தாத்தா பாவம், படம் தன் இஷ்டத்தில்தான் ஓடியது என்று இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார்.