ரத்தினம் எஃப்.எம்.

"அண்ணே, நாளைக்கு எல்லாரும் மகாராஜா வேனுக்குத்தான் கையத் தூக்கப் போறாவ!" ஏறும்போதே குண்டைத் தூக்கிப் போட்டாள் பாண்டிச்செல்வி.

டிரைவர் ரத்தினம் சட்டென்று திரும்பினார். வடக்குப்பட்டு ஹாஸ்டலிலிருந்து ஒரகடம் கம்பெனிக்குப் பெண்களை ஏற்றிப்போக இரண்டு வேன்கள்: ஒன்று ரத்தினம் ஓட்டுவது, மற்றது மகாராஜா ஓட்டுவது. ஆள் குறைந்ததால் இனி ஒன்றே போதுமாம். எது என்று நாளைக் காலை பெண்களே கைதூக்கிச் சொல்ல வேண்டும். இந்த டிரிப்பும் போனால் ரத்தினத்தின் பிழைப்பில் மண்தான்.

"அவன் வண்டில அப்டி இன்னாம்மா கீது?"

"பாட்டுண்ணே! ஸ்பீக்கர் அதிருதாம். மொதல்ல முருகன் பாட்டு, பொறவு குத்துப்பாட்டு, கம்பெனி நெருங்கவும் ஒரு மெலடி. எல்லாம் அவரே தேடித் தேடி எடுத்ததாம்லா. என் ரூம்மேட்டு கனிஷ்கா ஒரே புகழ்ச்சி."

"ஏன், நம்ம வண்டில பாட்டு போடலியா?"

"நான்தான் ஏறுனதுமே தூங்கிருதேனே!"

ரத்தினத்தின் வேனில் இருந்தது பழைய ரேடியோ. போனைச் சொருக வழியில்லை. அதற்காகவே கட்டைவிரல் அளவில் ஒரு எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் வாங்கி வைத்திருந்தார். போனில் ஓடும் பாட்டை அது காற்றில் அனுப்பும்; ரேடியோ அதை ஸ்டேஷன் பிடிப்பதுபோலப் பிடித்துப் பாடும்.

ரத்தினம் அதையே சற்று நேரம் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"வுடும்மா. நாளைக்குப் பாத்துக்கலாம்."

மறுநாள் ஒரகடம் கூட்ரோட்டில் வழக்கமான நெரிசல். மகாராஜாவின் வேன் பின்னால் உரசுகிற மாதிரி நின்றது. ரத்தினம் போனில் எதையோ தட்டிவிட்டுத் தம் ரேடியோவை அணைத்தார்.

"என்னண்ணே, இன்னிக்குப் போய்ப் பாட்ட நிறுத்திட்டிய?" பாண்டிச்செல்விக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஷ்... ஜன்னலத் தொற."

பின்வண்டியின் பெரிய ஸ்பீக்கர் ரோடே அதிர முழங்கியது, ரத்தினம் இரவே போனில் பதிந்துவைத்திருந்த குரலில்:

"மகாராஜா வேன் தங்கச்சிங்களுக்கு வணக்கம்! முன்னாடி நிக்கிற ஓட்ட வண்டிலருந்து ரத்தினம் பேசறேன். இத்தினி நாளா நீங்க கேட்டதெல்லாம் நான் போட்ட பாட்டும்மா. என் மிஷின் அனுப்பறத உங்காளு என் பின்னாலயே ஒட்டிகினு வந்து, அவரு ரேடியோவுல புடிச்சிகினு கீறாரு. ஊரான் வூட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே! இப்ப சொல்லுங்க, யாருக்குக் கையத் தூக்கறீங்க?"

கம்பெனி வாசல்வரை எவளும் காத்திருக்கவில்லை. பின்வண்டியின் ஜன்னல்களில் அத்தனை கைகளும் அங்கேயே உயர்ந்தன.