ஏசுவடியான் கையிலிருக்கும் புத்தகம்

போடியில் நண்பகல். ஏலக்காய் வியாபாரி ஏசுவடியானின் சவப்பெட்டி இன்னும் மூடப்படவில்லை. கோத்த விரல்களுக்குள் உள்ளங்கையளவு தோல் புத்தகம். ஓரத்துப் பொன்பூச்சில் வெயில் மின்னுகிறது. எஸ்டேட் துரை ஒருவர் கொடுத்துப்போனதை அந்தப் பாஷை தெரியாமலே இருபது வருஷமாக வேதம் என்றே வைத்திருந்தார். பாதிரியாராகக் குருமடத்தில் சேர்ந்து லத்தீன் படித்துப் பாதியில் திரும்பிய ராஜமணி வாத்தியார் அதை மெல்ல உருவி, புரட்டுகிறார். வேதமில்லை, பழைய ரோமாபுரிக் கவிஞன் ஒருவனின் பாட்டு. உடலோடு உயிரும் அழிந்துபோகும், அதனால் சாவுக்கு அஞ்சாதே என்று வாதாடுகிறது. அவர் விரல் அந்த வரியிலேயே நிற்கிறது. "இதைத் தொடாம அவுக தூங்கமாட்டாக, சார். என்ன போட்டிருக்கு?" என்கிறாள் மனைவி சாராள். "பயப்பட ஒண்ணுமில்லன்னு போட்டிருக்கும்மா." "மறுபடி பாப்போம்னு போட்டிருக்கா?" பெட்டியை மூடக் காத்திருக்கும் ஆசாரி வாயிலிருந்து ஆணியை எடுக்கிறார். "அது பின்னால வருதும்மா" என்கிறார் ராஜமணி, பக்கத்தைத் திருப்பாமலே. திரும்பச் செருகிய புத்தகம் விரல்களுக்குள் நிற்காமல் சரிகிறது.