நடுவில் ஒரு பேப்பர்

புனே கட்கி சர்ச்சுக்குப் பின்னால் இருந்த தேனீப் பெட்டிகள் தனுஷ்கோடிக்கும் ஐசக்குக்கும் பொது. 2002 மார்ச்சில் ஒரு ஞாயிறு, இளைத்துப்போன இரண்டு கூடுகளை ஒன்றாக்க உட்கார்ந்தார்கள்.

“அப்படியே சேர்த்தா சண்டை போடாதா அண்ணே?” என்று கேட்டார் ஐசக்.

“போடும் தம்பி. அதான் நடுவுல பழைய பேப்பரை விரிச்சு, ஒரு பெட்டி மேல இன்னொண்ணை வைக்கிறோம். பேப்பரைக் கடிச்சுத் தீர்க்க மூணு நாள் ஆகும். அதுக்குள்ள ஒண்ணோட வாசனை ஒண்ணுக்குப் பழகிடும்.”

“ராணி ரெண்டு இருக்கே?”

“ஒண்ணை முதல்லயே எடுத்திடணும்.”

“எதை?”

“வயசானதைத்தான். பாவம் பார்த்தா ரெண்டு கூடும் போச்சு.”

தனுஷ்கோடி கிழ ராணியைத் தேடிப் பிடித்து, இரண்டு விரலுக்கு நடுவில் நசுக்கினார்.

“நீங்க வளர்த்ததாச்சே, கஷ்டமா இல்லையா?”

“கூடு நல்லா இருக்கணும்ல!”

ஐசக் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

மறுநாள் ரஞ்சன்காவ் தொழிற்சாலையில், டீ நேரத்துக்கு முன்பே, தகடு அழுத்தும் பிரஸ் ஷாப் பிரிவின் ஃபோர்மன் தனுஷ்கோடியை பெர்சனல் மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டார்கள். மேஜையில் அவர் பெயர் போட்ட கவர் ஒன்று இருந்தது.

“உங்க பிரஸ் ஷாப்பையும் பக்கத்து ஷாப்பையும் ஒண்ணாக்குறோம்,” என்றார் மேனேஜர், முகத்தைப் பார்க்காமல். “ஒரு ஃபோர்மன் போதும்னு முடிவாயிடுச்சு. அந்த ஷாப் ஃபோர்மன் குல்கர்ணிக்கு நாப்பது வயசுதான்.”

தனுஷ்கோடிக்கு ஐம்பத்தாறு. அவர் கவரைப் பிரிக்கவில்லை.

“நடுவுல பேப்பர் எப்போ விரிக்கிறீங்க, ஐசக் சார்?”

“நாளைக்குக் காலையில நோட்டீஸ் போர்டுல ஒட்டுறோம், அண்ணே.”